வைக்கோல் நின்றுபோன நாள்: கீழ்ப்படிந்த பிறகு தடை வந்தால் தேவனை நம்புவது எப்படி

விசுவாசத்தில் புதிதாக அடியெடுத்து வைப்பவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். தப்பு செய்து அடிபடும்போது அவர்களுக்குக் குழப்பம் இல்லை, காரணம் கண்முன்னே இருக்கிறது. நல்லதைச் செய்த பிறகு நிலைமை மோசமாகும்போதுதான் நெஞ்சு கலங்குகிறது. பொய்க் கணக்கு எழுத மாட்டேன் என்று சொன்னவருக்கு வேலை போகிறது. லஞ்சம் வாங்குவதை நிறுத்தியவரை அலுவலகமே ஒதுக்கி வைக்கிறது. பல வருடம் பேசாமல் இருந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனவர் வாசற்படியிலேயே திட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறார். அப்போது இரண்டு கேள்விகள் எழும். நான் தேவனுடைய சத்தத்தைத் தவறாகக் கேட்டுவிட்டேனா? சரியாகத்தான் கேட்டேன் என்றால், அவர் ஏன் என்னைக் கைவிட்டார்?

இரண்டு கேள்விகளுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது: கீழ்ப்படிந்தால் வழி திறக்கும், வழி திறக்கவில்லை என்றால் ஏதோ கோளாறு. வேதாகமம் இந்த எண்ணத்தை ஆதரிப்பதில்லை. அதை மிகத் தெளிவாகக் காட்டும் பகுதி யாத்திராகமம் 5, 6 அதிகாரங்கள். கத்தோலிக்கப் பதிப்பில் இதே நூல் விடுதலைப் பயணம் என்ற பெயரில் இருக்கும். இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசிக்க கால் மணி நேரம் போதும். மேலே படிப்பதற்கு முன் வாசித்துவிடுவது நல்லது.

எகிப்தில் நடந்தது

எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேல் ஜனங்களை விடுவிக்கப் போ என்ற தேவனுடைய அழைப்பை மோசே எரிகிற முட்செடியின் நடுவிலிருந்து கேட்டார், தயங்கினார், கடைசியில் புறப்பட்டார். ஆரோனோடு எகிப்துக்கு வந்து மூப்பர்களைக் கூட்டினார். ஜனங்கள் நம்பினார்கள், தலைகுனிந்து தொழுதுகொண்டார்கள். 4-ஆம் அதிகாரம் அங்கே முடிகிறது. அதோடு நிறுத்தினால் எந்த ஆலயத்திலும் எழுந்து நின்று சொல்லக்கூடிய அருமையான சாட்சி அது.

5-ஆம் அதிகாரத்தில் இருவரும் எகிப்தின் ராஜாவான பார்வோனிடம் போகிறார்கள். அவர்கள் கேட்டது சிறிய காரியம்: மூன்று நாள் பயணமாக வனாந்தரத்துக்குப் போய்ப் பலியிட அனுமதி. பார்வோன், கர்த்தர் யார் என்றே எனக்குத் தெரியாது என்கிறான். அன்றைக்கே புதிய உத்தரவு பிறக்கிறது. இனி ஜனங்களுக்கு வைக்கோல் கொடுக்கக் கூடாது, அதை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். செங்கல் கணக்கில் மட்டும் ஒன்றுகூடக் குறையக் கூடாது.

இந்தத் தண்டனை எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிடப்பட்டது என்பது செங்கல் வேலை தெரிந்தால்தான் புரியும். எகிப்தில் பெரும்பாலும் சூளையில் சுடாத பச்சைச் செங்கலையே பயன்படுத்தினார்கள். நைல் நதியின் வண்டல் மண்ணைத் தண்ணீர் விட்டு மிதித்துக் குழைத்து, நறுக்கிய வைக்கோலைக் கலந்து, மரச் சட்டத்தில் அடித்து வெயிலில் காயப்போடுவார்கள். வண்டல் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். வைக்கோல் அந்தச் சுருக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது, ஈரம் சீராக வெளியேறவும் உதவுகிறது. தீப்ஸில் உள்ள ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் இந்த வேலை ஓவியமாகவே இருக்கிறது: குளத்தில் தண்ணீர் மொள்பவர்கள், மண் குழைப்பவர்கள், சட்டத்தில் அடிப்பவர்கள், பக்கத்தில் மேற்பார்வையாளர்கள். இரண்டாம் ராமேசஸ் அரசனின் 5-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு தோல் சுருள் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 40 மேற்பார்வையாளர்களுக்கு ஆளுக்கு 2,000 செங்கல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணி வாங்குவது என்பது அந்த நாட்டில் அவ்வளவு கறாரான விஷயம்.

ஆகவே வைக்கோலை நிறுத்துவது என்றால் ஒரு பொருளை நிறுத்துவது மட்டுமல்ல. ஆட்கள் வயல் வயலாக அலைந்து, அறுவடைக்குப் பிறகு தரையில் மிஞ்சிய தாளடியைப் பிடுங்கிச் சேர்க்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் செங்கல் அடிக்கும் நேரத்திலிருந்து போகிறது. கணக்கு குறைந்ததும் ஆளோட்டிகள் கூலி ஜனங்களை விட்டுவிட்டு, அவர்களுக்கு மேல் வைக்கப்பட்டிருந்த இஸ்ரவேல் தலைவர்களை அடிக்கிறார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் மேஸ்திரிகளை. அடிபட்ட மேஸ்திரிகள் பார்வோனிடம் முறையிட்டு, சோம்பேறிகள் என்ற பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். வந்த வழியில் மோசேயும் ஆரோனும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்களைக் கொல்ல அவர்கள் கையில் பட்டயத்தைக் கொடுத்துவிட்டீர்களே, கர்த்தரே உங்களை நியாயந்தீர்க்கட்டும் என்று கோபம் முழுவதும் அவர்கள்மேல் இறங்குகிறது.

கீழ்ப்படிந்ததன் விலையில் பாதியை எப்போதும் மற்றவர்கள் கொடுக்கிறார்கள். இதைப் புதிய விசுவாசிகளிடம் யாரும் சொல்வதில்லை. நீங்கள் பொய்க் கணக்கு எழுத மறுத்தால், வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று விழித்திருப்பவர் உங்கள் மனைவியாக இருக்கலாம். மோசேயை உடைத்ததும் பார்வோனின் மறுப்பைவிட, சொந்த ஜனங்களின் முதுகில் விழுந்த அடிதான்.

முன்பே சொல்லப்பட்டிருந்தது

ஒரு பக்கம் பின்னால் புரட்டிப் பாருங்கள். 3-ஆம் அதிகாரம் 19-ஆம் வசனத்தில், எகிப்தின் ராஜா உங்களைப் போகவிட மாட்டான் என்று தேவன் சொல்லியிருக்கிறார். 4:21-இல், அவன் இருதயம் கடினப்படும் என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. அதாவது தடை திட்டத்துக்கு வெளியே இருந்து வரவில்லை. ஆனாலும் அது வந்தபோது மோசே நிலைகுலைந்துபோகிறார்.

அவரைக் குறை சொல்ல இடமில்லை. தேவன் முன்னறிவித்தது மறுப்பை. மறுப்போடு சேர்ந்து வைக்கோல் நிற்கும், மேஸ்திரிகள் அடிபடுவார்கள் என்ற விவரம் அந்த வார்த்தைகளில் இல்லை. வரும் என்று தெரிந்திருப்பதற்கும், எப்படி வரும் என்று தெரிந்திருப்பதற்கும் பெரிய தூரம் உண்டு. அதனால்தான் 'எதிர்பாராத தடை' என்ற சொல் விசுவாசிக்கும் பொருந்துகிறது.

இங்கே நம் சபைகளின் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டு வாக்குத்தத்த வசனம் கொடுக்கிறார்கள். அட்டையில் அச்சடித்து வீட்டுச் சுவரில் ஒட்டுகிறோம். வசனம் உண்மையானது, பழக்கமும் நல்லது. ஆனால் அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் இருக்கும் அதிகாரம் அட்டையில் வருவதில்லை. முழு அதிகாரத்தையும் வாசிக்காமல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டால், தடையில்லாத ஆண்டு என்று தேவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக நாமே நினைத்துக்கொள்கிறோம். பிப்ரவரியில் தடை வரும்போது, தேவன் வாக்குத் தவறிவிட்டார் என்று தோன்றுகிறது. அவர் கொடுக்காத வாக்கு அது. ஆகவே உங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் வேதத்தில் எங்கே இருக்கிறது, யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று ஜனவரி முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். அவற்றில் பல சிறைப்பட்டவர்களுக்கும் நாடு இழந்தவர்களுக்கும் சொல்லப்பட்டவை என்பது அப்போது தெரியும்.

இரண்டு முறையீடுகள்

5-ஆம் அதிகாரத்தில் இரண்டு முறையீடுகள் இருக்கின்றன. மேஸ்திரிகள் தங்கள் வலியைப் பார்வோனிடம் கொண்டுபோகிறார்கள். மோசே தன் வலியைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். நம்பிக்கை என்றால் என்ன என்பதற்கான பாடம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

மோசேயின் ஜெபத்தைக் கவனியுங்கள் (5:22, 23). அதில் ஸ்தோத்திரம் இல்லை, பணிவான முன்னுரை இல்லை. இந்த ஜனங்களுக்கு ஏன் தீங்கு வரப்பண்ணினீர், ஏன் என்னை அனுப்பினீர், நான் உமது பெயரால் பேசப் போனதுமுதல் அவன் இவர்களை வதைக்கிறான், நீரோ விடுவிக்கவே இல்லை. அவ்வளவுதான். இப்படிப் பேசியதற்காகத் தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. நம்பிக்கையுள்ளவன் முறையிடமாட்டான் என்று கற்றுக்கொண்டவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். வேதத்தில் நம்பிக்கைக்கு எதிர்ச்சொல்லாக நிற்பது முறையிடுவது அல்ல, முதுகைத் திருப்பிக்கொண்டு போவதுதான். மோசே கடுமையாகப் பேசினார், ஆனால் பேச வேண்டியவரிடமே பேசினார்.

மேஸ்திரிகளைக் கெட்டவர்களாக நினைக்கத் தேவையில்லை. அடித்தவனின் எஜமானிடம் போய்க் கேட்பது இயல்பு. அவர்கள் பார்வோனைப் பார்த்து 'உமது அடியார்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தடை வரும்போது நமக்கும் முதலில் வரும் ஆசை அதுதான்: எது நம்மை நெருக்குகிறதோ அதனுடனேயே சமாதானம் பேசி, பழைய வைக்கோலாவது கிடைத்தால் போதும் என்று திரும்பிவிடுவது. லஞ்சம் வாங்க மறுத்த அதிகாரி மூன்றாம் மாதத்தில், சின்னத் தொகை என்றால் பரவாயில்லை என்று இறங்கி வருவது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

தேவன் கொடுத்த பதில்

6-ஆம் அதிகாரத்தின் பதில் மோசே கேட்ட கேள்விக்கு நேரடியான பதிலாக இல்லை. 'ஏன்' என்று கேட்டார், 'ஏன்' விளக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, நான் பார்வோனுக்குச் செய்வதை இப்போது காண்பாய் என்ற உறுதி. அடுத்து, நான் கர்த்தர் என்ற அறிவிப்பு; ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபோடு செய்த உடன்படிக்கையை நினைவுகூர்ந்து, விடுவிப்பேன், மீட்பேன், உங்களை எனக்கு ஜனமாகச் சேர்த்துக்கொள்வேன், தேசத்துக்குக் கொண்டுபோவேன் என்று 6 முதல் 8 வரையுள்ள வசனங்களில் அடுக்கடுக்காக வரும் வாக்குகள். மூன்றாவது, அதே பழைய கட்டளை: பார்வோனிடம் போய்ப் பேசு.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் இதை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். தடை வந்ததால் கட்டளை மாறவில்லை, எளிதாக்கப்படவும் இல்லை. மாறியது மோசேயின் கையில் இருந்த அறிவு. அனுப்பியவர் யார் என்பது அவருக்கு முன்பைவிடத் தெளிவாகிறது. மோசே மறுபடியும் தயங்குகிறார். இஸ்ரவேலரே கேட்கவில்லை, பார்வோன் எப்படிக் கேட்பான் என்கிறார் (6:12). அந்தத் தயக்கத்தோடேயே போகிறார். பயம் நீங்கிய பிறகு கீழ்ப்படிந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. அப்போது அவருக்கு வயது 80, ஆரோனுக்கு 83.

இன்னொன்று. அதன் பிறகு பத்து வாதைகள் வருகின்றன, பஸ்கா வருகிறது, ஜனங்கள் புறப்படுகிறார்கள். ஆனால் வைக்கோல் திரும்பக் கொடுக்கப்பட்டதாக ஒரு வசனமும் இல்லை. அந்தத் தடையை நீக்கும்படி நாம் ஜெபித்திருப்போம். தேவன் செங்கல் சூழலையே விட்டு அவர்களை வெளியே கொண்டுவந்தார். நம் ஜெபங்களில் பல, வைக்கோலைக் கேட்கும் ஜெபங்கள். அவை நிறைவேறாதபோது எதுவும் நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

வெளியே வந்த பிறகும் இதே அமைப்பு தொடர்கிறது. தேவன் திரும்பி வந்து பாளயமிறங்கச் சொன்ன இடத்தில்தான் முன்னே கடலும் பின்னே பார்வோனின் இரதங்களுமாக மாட்டிக்கொண்டார்கள் (14:2). கர்த்தருடைய கட்டளையின்படியே பிரயாணம்பண்ணி வந்து சேர்ந்த ரெவிதீமில் குடிக்கத் தண்ணீர் இல்லை (17:1). புதிய ஏற்பாட்டிலும் அப்படித்தான். சீஷர்களைப் படகில் ஏறச் சொல்லி அவசரப்படுத்தி அனுப்பியவர் இயேசுவே. அவர்கள் அவர் சொன்ன திசையில் போனார்கள், எதிர்க்காற்று அடித்தது, மூன்று நாலு மைல் தண்டு வலிக்க இரவின் நாலாம் ஜாமம், அதாவது விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் தண்டு வலித்து வருந்துவதை அவர் கரையிலிருந்து கண்டார் என்று மாற்கு எழுதுகிறார் (6:48).

எல்லாத் தடையும் ஒரே வகை அல்ல

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், அந்தத் தவறு மிகவும் விலை கேட்கும். எந்தத் தடை வந்தாலும், கீழ்ப்படிந்ததால் வந்த தடை என்று எண்ணிக்கொள்வது ஆபத்து.

யோனாவும் புயலில் சிக்கினார். அவர் தேவன் சொன்ன திசைக்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார். பேதுரு தன் முதல் நிருபத்தில், கொலைகாரனாகவோ திருடனாகவோ பிறர் காரியத்தில் தலையிடுகிறவனாகவோ பாடுபடாதீர்கள் என்று எச்சரிக்கிறார் (4:15). கடைசியில் சொன்னதை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஊழியம் என்ற பெயரில் அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் நுழைந்து அவமானப்பட்டால் அது சிலுவை ஆகாது. கணக்குப் போடாமல் கடன் வாங்கிக் கடை வைத்து நஷ்டப்பட்டால், அது விசுவாசச் சோதனை என்பதைவிடக் கணக்குப் பிழை. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் இயேசு.

ஆகவே ஒரு கேள்வியை எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். நான் எதற்குக் கீழ்ப்படிந்தேன்? பதில் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, வேதத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கும் கட்டளை: பொய் சொல்லாதே, மன்னித்துவிடு, கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைக்காதே. மற்றது, ஜெபித்து, ஆலோசனை கேட்டு, தேவன் நடத்துகிறார் என்று நம்பி எடுத்த ஒரு முடிவு: இந்த வேலை, இந்த ஊர், இந்தப் படிப்பு, இந்த ஊழியம்.

முதல் வகையில், எந்தத் தடையும் கட்டளையை மாற்றாது. பொய் சொல்லாததால் வேலை போயிற்று என்றால், பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று ஆகிவிடாது. இங்கே 'தேவ சித்தமா' என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருப்பது நேர விரயம். இரண்டாவது வகையில் தடையும் ஒரு தகவல். அதை எடுத்துப் பரிசீலிக்க வேண்டும். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன. பவுல் ஆசியாவுக்குப் போக முயன்றார், தடுக்கப்பட்டார். பித்தினியாவுக்கு முயன்றார், அங்கும் அனுமதி இல்லை. திசையை மாற்றினார். பிறகு மக்கெதோனியாவுக்கு வரச் சொல்லும் தரிசனம் கிடைத்துப் பிலிப்பிக்குப் போனார். அங்கே அடியும், கால்களை மாட்டிப் பூட்டும் தொழுமரமும் கிடைத்தன. அங்கே திசையை மாற்றவில்லை. முதல் தடைகள் பயணத் திட்டத்தைத் தொட்டன, பின்னால் வந்த தடை சுவிசேஷத்தை அறிவிக்கும் கட்டளையைத் தொட்டது.

கட்டளை மாறாவிட்டாலும் வழிமுறை மாறலாம் என்பதையும் பவுலிடமே பார்க்கலாம். தெசலோனிக்கேயருக்குப் போக முடியாமல் தடுக்கப்பட்டபோது தீமோத்தேயுவை அனுப்பினார். பிலிப்பியில் விசாரணையின்றி அடித்த அதிகாரிகளிடம் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்லி, அவர்களே நேரில் வரவேண்டும் என்றார். தமஸ்குவில் உயிருக்கு ஆபத்து வந்தபோது கூடையில் இறங்கித் தப்பினார். சட்டப்படி போராடுவதும், வக்கீலைப் பார்ப்பதும், ஊரை விட்டு விலகுவதும் நம்பிக்கைக் குறைவு ஆகாது. குறிப்பாக, வீட்டுக்குள் அடி உதை நடக்கும்போது 'சகித்துக்கொள், அதுதான் கீழ்ப்படிதல்' என்று ஒரு பெண்ணிடம் சொல்வது வேதத்தைத் திரிப்பது. அவர் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும்.

தரங்கம்பாடியில் ஒரு சிறைவாசம்

தமிழ் வேதாகமத்தைக் கையில் வைத்திருக்கும் எவருக்கும் இந்தப் பாடத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. பர்த்தலோமேயு சீகன்பால்க் என்ற மிஷனரி, டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். அனுப்பியவர் மன்னர், ஊர் டேனியருடையது, கோட்டையும் டேனியருடையது. தடை வந்தால் வெளியிலிருந்துதான் வரும் என்று எவரும் நினைப்பார்கள். 1708-இன் இறுதியில் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தவர் அதே மன்னரின் கீழ் இருந்த டேனிய ஆளுநர். ஏறக்குறைய நான்கு மாதம் உள்ளே இருந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கும் வேலையை அதே ஆண்டில்தான் தொடங்கியிருந்தார்.

விடுதலையான பின் எல்லாம் சீராகிவிடவில்லை. மொழிபெயர்ப்பு 1711-இல் முடிந்தது. இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரத்தோடு வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கூட வந்த அச்சாளர் தரங்கம்பாடியைப் பார்க்காமலே வழியில் இறந்தார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை பெயர்த்த நிலையில் 1719-இல், 36 வயதில், அவர் மறைந்தார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி பெஞ்சமின் சூல்ட்சே.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. அவர் தொடங்கியதை அவர் முடிக்கவில்லை. யோவான்ஸ்நானனும் உண்மையைச் சொன்னதற்காகச் சிறைக்குப் போய், அங்கிருந்து 'வருகிறவர் நீர்தானா' என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். பதில் வந்தது, விடுதலை வரவில்லை. எபிரெயர் 11-ஆம் அதிகாரம் பட்டயத்துக்குத் தப்பினவர்களையும் பட்டயத்தால் வெட்டப்பட்டவர்களையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. தேவனை நம்புவது என்பது இந்தத் தடை நீங்கும் என்று நம்புவதோடு ஒன்றல்ல. தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்களும் அவர் விடுவிக்க வல்லவர் என்றார்கள், விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள்.

நடைமுறையில் என்ன செய்வது

முதலில் ஒரு நோட்டை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். எதற்குக் கீழ்ப்படிந்தேன், அதற்கு ஆதாரமான வசனம் எது. என்ன தடை வந்தது. இந்தத் தடை வராது என்று தேவன் எங்கேயாவது சொல்லியிருக்கிறாரா. மூன்றாவது வரிக்குப் பதில் பெரும்பாலும் 'இல்லை' என்றே இருக்கும். அந்த 'இல்லை'யைக் கண்ணால் பார்ப்பது முக்கியம். தேவன் ஏமாற்றிவிட்டார் என்ற குற்றச்சாட்டில் பாதி அங்கேயே கரைந்துபோகும். மீதிப் பாதி உண்மையான வலி. அதை ஜெபமாக மாற்ற வேண்டும்.

அதற்கு 13-ஆம் சங்கீதம் நல்ல அச்சு. ஆறே வசனம். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு முறை. அடுத்த இரண்டில் வேண்டுதல், அதற்கான காரணத்தோடு. கடைசி இரண்டில் நம்பிக்கை. உங்கள் விஷயத்தை இதே வரிசையில் எழுதுங்கள். முதல் பகுதியை மழுப்பாதீர்கள். வேலை போனது என்றால் வேலை போனது என்றே எழுதுங்கள், தொகையையும் தேதியையும் சேர்த்து. வேண்டுதலில் ஒரே ஒரு காரியத்தைத் தெளிவாகக் கேளுங்கள். கடைசிப் பகுதிக்கு வரும்போது மனம் வரவில்லை என்றால் பொய்யாக எழுத வேண்டாம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது. அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, வலியைச் சொல்லாமல் நேரே துதிக்குத் தாவுவது. சொல்லாத வலி உள்ளே கிடந்து கசப்பாகிறது. சில மாதம் கழித்து ஆலயத்துக்குப் போவதே நின்றுபோகிறது, காரணம் அவர்களுக்கே தெரிவதில்லை.

பிறகு, அடுத்த ஒரு அடியை மட்டும் கேளுங்கள். மோசேக்குக் கிடைத்தது நாற்பது வருடத் திட்டம் அல்ல. மறுபடி போய்ப் பேசு என்ற ஒரு வேலை. மன்னிப்புக் கேட்டு விரட்டப்பட்டவருக்கு அடுத்த அடி, உடனே மறுபடி போய் நிற்பதாக இருக்காது. பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அனுப்புவதாக இருக்கலாம். வேலை இழந்தவருக்கு, சம்பளப் பாக்கியையும் அனுபவச் சான்றிதழையும் எழுத்தில் கேட்பது. தடையின் நடுவே பெரிய முடிவுகளை எடுக்காமல் இருப்பதும் நல்லது: ஊரை மாற்றுவது, சபையை மாற்றுவது, நகையை அடகு வைத்துப் புதிதாகத் தொடங்குவது. களைத்த மனம் எந்தக் கதவையும் தேவன் திறந்த கதவாகப் பார்க்கும்.

முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை, கீழ்ப்படியத்தான் போகிறீர்கள் என்றால், முன்னதாகவே மூன்று மாதக் குடும்பச் செலவை ஒதுக்கி வையுங்கள். தேவையான ஆவணங்களின் நகலை எடுத்து வையுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் என்ன வரலாம் என்று சொல்லிவிடுங்கள். விலையில் பாதியைக் கொடுக்கப்போகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

6:9-இல் ஒரு வசனம் இருக்கிறது. அத்தனை அருமையான வாக்குகளை மோசே எடுத்துச் சொன்னபோது, மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும் ஜனங்கள் கேட்கவில்லை. தேவன் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் நம்பாமல் இருந்தபோதே அவர்களுக்காகச் செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கினார். நசுங்கிப்போன மனுஷனுக்கு நல்ல வார்த்தைகூடக் காதில் ஏறாது என்பதை வேதம் அறிந்திருக்கிறது.

நாமோ இப்படிப்பட்டவரிடம் போய், எங்கேயோ மறைவான பாவம் இருக்கும், உபவாசம் போதவில்லை, விசுவாசமாய் அறிக்கை செய்யவில்லை என்கிறோம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. போனால் முதலில் கேளுங்கள். வசனம் சொல்வதானால் ஒன்று போதும், அதுவும் அவர் கேட்டால். அதைவிட, இந்த மாத வாடகை என்ன ஆயிற்று, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எப்போது கட்ட வேண்டும், வீட்டில் அரிசி இருக்கிறதா என்று விசாரித்து, முடிந்ததைச் செய்யுங்கள். அவருக்குத் தெரிந்த தொழிலில் யாருக்காவது ஆள் தேவையா என்று நான்கு இடத்தில் கேளுங்கள். சாட்சி நேரத்தில் அவரை எழுப்பிப் பேசச் சொல்ல வேண்டாம். பிரச்சினை இன்னும் தீரவில்லை என்று சொல்லவும் இடம் கொடுக்கும் சபையாக இருந்தால், அவரே ஒருநாள் எழுந்து நிற்பார்.